வீடு தேடி வந்த அஞ்சலி மலர்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கவிதை வரக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நம்ம ஆளுக்கு வந்தது. உயரமான கட்டடங்களின் உச்சியில் மோட்டார் அறை என்று ஒன்று இருக்கும். எண்ணெய் வாடையும் இரைச்சலுமாக, ஒரு ஆள் திரும்பி நிற்கத்தான் இடம். கிரீஸ் போட்டு, இரும்புக் கயிற்றில் பிரி விட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கையைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டு போனை எடுப்பார். நிலா, மழை, தனிமை எல்லாம் அங்கேதான் அவரைத் தேடி வரும். புனைபெயர் உச்சிக்காற்று.

எழுதியதைப் போட ஒரு இடம் இருந்தது. ‘எழுத்துக் கூடு’ என்று போனில் ஒரு குழு. ஆரம்பித்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். அங்கே ஒரே சட்டம்: தட்டிக்கொடுக்கலாம், குட்டக்கூடாது. ஒரு கவிதை போட வேண்டுமானால் முதலில் மற்றவர்களின் கவிதை மூன்றைப் பாராட்டியாக வேண்டும். படித்துவிட்டுப் பாராட்ட நேரம் போதாததால் பாராட்டிவிட்டுப் படிப்பார்கள். பலர் இரண்டாவது வேலையை மறந்தும் போவார்கள். “அருமை”, “ஆஹா”, “நெஞ்சைத் தொட்டது” என்று நாள் முழுவதும் அடைமழை.

சிரிப்பது சுலபம். ஆனால் அந்த மனிதரின் நிலையில் இருந்து பார்க்க வேண்டும். லிஃப்ட் ஓடுகிற வரை மெக்கானிக்கை யாரும் நினைப்பதில்லை. நின்றுவிட்டால் அவர் அம்மாவையும் சேர்த்து நினைப்பார்கள். இருபது வருஷ வேலையில் “நல்லா செஞ்சிருக்கீங்க” என்று ஒரு வாய் சொன்னதில்லை. கூட்டில் நான்கைந்து பேர் சொன்னார்கள். பொய்யோ மெய்யோ, அவருக்கு அது வேண்டியிருந்தது. வீட்டில் இதை மூச்சு விடவில்லை. மனைவி குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவள். சாயங்காலம் வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து, எந்தக் குழந்தை யாரைக் கடித்தது என்று சொல்லிச் சிரிப்பாள். அவளிடம் போய் நிலாவை நீட்ட அவருக்குக் கூச்சம்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்தார்கள். சின்ன ஆபரேஷன்தான். உள்ளே சீழ் வைத்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். அவள் அக்கா வேலைக்கு லீவு போட்டு ஓடி வந்து, கூடவே இருந்தாள். இவருக்கு ஆஸ்பத்திரி வாடையே ஆகாது. அதோடு பயம். அவள் மூக்கிலும் வாயிலும் குழாயைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டார். தாழ்வாரத்தின் கோடியில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதிலேயே குடியிருந்தார். பயந்தது தப்பில்லை. அங்கே உட்கார்ந்து அவர் ஒரு வரி எழுதினார்: ‘இன்னும் அவள் கண் திறக்கவில்லை.’ அது நிஜம். அதைக் கூட்டில் போட்டார்.

கூடு கொந்தளித்தது. அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் வந்தார்கள். ‘தைரியமா இருங்க சகோ’, ‘உங்கள் எழுத்து அழ வைக்கிறது’, ‘இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள்?’ சாரல் என்ற பெயரில் எழுதும் பெண்மணி, அழகு நிலையம் நடத்துபவர், ‘உங்கள் அன்பைப் பார்த்து என் கணவரிடம் சண்டை போட்டேன்’ என்று எழுதினார். மறுநாள் நான்கு வரி எழுதினார் நம்ம ஆள். அதற்கடுத்த நாள் பத்து. அக்கா வெளியே வந்து, “உள்ள வந்து ஒரு தடவ கையப் புடிச்சுக் கூப்பிடுங்களேன், அவளுக்குக் கேக்கும்னு டாக்டர் சொல்றாரு” என்றாள். “இதோ வரேன்” என்றார். அப்போதுதான் ஒரு வரி பாதியில் நின்றிருந்தது. அது முடிந்தபோது பார்வையாளர் நேரமும் முடிந்துவிட்டது.

அந்த வாரம் அவருக்குக் ‘கவிச்சுடர்’ என்று பட்டம் கொடுத்தார்கள். மருந்துக்கடைக்காரர் முகவரி வாங்கிக்கொண்டு, சட்டம் போட்ட சான்றிதழைத் தபாலில் அனுப்பினார். அதை ஸ்பேனர்ப் பைக்குள் சொருகி வைத்துக்கொண்டார் உச்சிக்காற்று.

அவள் பிழைத்தாள். வீட்டுக்கு வந்தாள், சுவரைப் பிடித்து நடந்தாள், பிறகு பிடிக்காமல் நடந்தாள். அவருக்குச் சந்தோஷம்தான். அதில் சந்தேகம் வேண்டாம். ‘வீடு திரும்பினாள்’ என்று ஒரு கவிதை போட்டார். கொஞ்சம் பேர் கைகூப்பினார்கள். ‘அவள் சிரித்தாள்’ என்று அடுத்தது. அதற்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அதுவும் மருந்துக்கடைக்காரருடையது, கடமைக்கு. கூட்டமெல்லாம் வேறு பக்கம் போய்விட்டது. புதிதாகச் சேர்ந்த ஒரு டாக்சி டிரைவரோடு அவர் மகன் பேச்சை நிறுத்திவிட்டானாம். அவர் எழுத எழுதப் பெண்கள் எல்லாம் அங்கே போய் அழுதுகொண்டிருந்தார்கள்.

நம்ம ஆளுக்கு வயிறு எரிந்தது. இதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ட கழுதையெல்லாம் கவிஞன் ஆகிவிட்டது என்று மோட்டார் அறையில் தனியாகத் திட்டினார். அன்று மதியம் அங்கேயே உட்கார்ந்து இன்னொன்று எழுதினார். அதில் அவள் செத்துப் போனாள்.

கவிதைக்குக் கற்பனை உண்டு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ‘கற்பனை’ என்று மேலே ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். போட்டால் எவன் படிப்பான்? ‘ஐயோ சகோ, எப்போது?’ என்று முதல் ஆள் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் இருபது பேர் கேட்டுவிட்டார்கள். கடைசியில் கைகூப்பிய படம் ஒன்றை மட்டும் அனுப்பினார். பொய் சொல்லவில்லை, வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான் என்று சமாதானம். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “என்ன, மூஞ்சி பளிச்சுனு இருக்கு?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்ல, வேல சீக்கிரம் முடிஞ்சுது” என்றார்.

கூட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் ஆளுக்கொரு கவிதை எழுதி, அச்சடித்து, அட்டை போட்டு அஞ்சலி மலராகக் கொடுப்பார்கள். அது அவருக்குத் தெரியும். தபாலில் வரும், வந்தால் தபால்காரனை வழியிலேயே மடக்கி வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். நேரில் வருவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் குளியலறையில் இருந்தபோது கதவு தட்டப்பட்டது. திறந்தது மனைவி. வாசலில் வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர், பக்கத்தில் வெளிர் நிறப் புடவையில் ஒரு பெண்மணி. அந்தப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க அக்காதானே? ஆஸ்பத்திரில கூடவே இருந்தீங்களாமே. அவர் எழுதியிருந்தார்.”

“அக்கா அவங்க வீட்ல இருக்காங்க. நீங்க யாரு?”

“நான் சாரல். இவர்தான் எங்க குழுத் தலைவர். மருந்துக்கடை வெச்சிருக்கார். கேள்விப்பட்டதுலேருந்து மனசே சரியில்லம்மா.”

அவள் விழித்தாள். வந்தவர்களை நிற்க வைக்கக்கூடாதே என்று உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவர் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார். சோபாவில் மருந்துக்கடைக்காரரைப் பார்த்ததும் துண்டு தலையிலேயே நின்றது. சான்றிதழ் அனுப்பிய முகம். குழுவின் மேல்மூலையில் தினமும் பார்க்கிற முகம்.

மருந்துக்கடைக்காரர் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். “தனியா விட்ருவோமா உங்கள? நாற்பது பேர் எழுதியிருக்கோம்” என்று சொல்லி, பையிலிருந்து வழுவழு அட்டை போட்ட மலரை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். நம்ம ஆளின் கை எழவில்லை. குறுக்கே வந்து வாங்கியது அவள்தான்.

அட்டையில் ‘உச்சிக்காற்றின் துணைவியாருக்கு’ என்று இருந்தது. “உச்சிக்காத்துன்னா யாரு?” என்று கேட்டாள்.

“இவர்தான்மா! வீட்ல சொன்னதில்லையா?” என்றார் சாரல்.

அவள் புரட்டினாள். காப்பகக் குழந்தைகளின் கிறுக்கலைப் பார்ப்பது போல, ஒரு பக்கத்தையும் விடாமல் நிதானமாகப் புரட்டினாள். ஒருவர் அவளைத் தென்றல் என்றிருந்தார், ஒருவர் தெய்வம் என்றிருந்தார். ஒருவர் தன் மாமியாருக்கு எழுதியதையே வயதை மட்டும் குறைத்து அனுப்பியிருந்தார். ஒரு வரியில் ‘பேரன்களை விட்டு’ என்பது திருத்தாமல் கிடந்தது. அவர்களுக்கோ குழந்தையே கிடையாது. நம்ம ஆள் சாரலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“இவரு பொண்டாட்டி நான்தான்” என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். “ரெண்டாவதா யாரையும் கட்டிக்கல. எனக்குத் தெரிஞ்சவரைக்கும்.”

சாரலின் கை வாய்க்குப் போனது. மருந்துக்கடைக்காரர் மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்தார்.

“இவரு எழுதினது இதுல எது?”

முதல் பக்கம் என்று சாரல் விரலால் காட்டினார். “இத நான் காதால கேக்கணும். நீங்க படிங்க சார்” என்று மலரை மருந்துக்கடைக்காரரிடம் கொடுத்தாள். அவர் தயங்கினார். “படிங்க” என்றாள். மேடை ஏறிப் பழகிய குரல் அவருக்கு. ஆரம்பிக்கும்போது நடுங்கியது, இரண்டாம் வரியிலேயே சரியாகிவிட்டது:

‘பஞ்சு நனைத்து உன் உதட்டை ஈரமாக்கினேன்.
சிக்கெடுத்து உன் தலையை வாரிவிட்டேன்.
விடிய விடிய உன் விரல்களைப் பிடித்திருந்தேன்.
என் பெயரைச் சொல்லிவிட்டுத்தான்
உன் மூச்சு என்னை விட்டுப் போனது.’

அவள் கண் கலங்கியது. அவர் அதைப் பார்த்தார். ஒரு நொடி, ஒரே நொடி, அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். அந்த நினைப்புக்காக அவரைச் செருப்பால் அடிக்கலாம்.

“பஞ்சு வெச்சது நர்ஸ்” என்றாள் அவள். “தல வாரிவிட்டது எங்க அக்கா. கையப் புடிக்க யாரும் வரல. நான் எல்லாத்தையும் கேட்டுட்டுதான் கெடந்தேன். கண்ணுதான் தெறக்க முடியல. ‘அவர் வந்தாராக்கா’ன்னு கேக்கணும்னு நெனச்சு நெனச்சு வாய் வரல.” மலரை மருந்துக்கடைக்காரரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள். “இந்தப் பாட்டுல இருக்கறவரு ரொம்ப நல்லவரு. அவரையே கட்டியிருக்கலாம்.”

“நான் வெளியிலதான் இருந்தேன்” என்றார் அவர்.

“தெரியும். அக்கா சொன்னா. பயந்துட்டீங்கன்னு நெனச்சேன். பாவம்னு நெனச்சேன்.”

வந்தவர்கள் எழுந்தார்கள். டீ போடுகிறேன் என்று அவள் சொல்லவில்லை, அவர்களும் எதிர்பார்க்கவில்லை. சாரல் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படி இறங்கினார். மருந்துக்கடைக்காரர் மட்டும் வாசலில் நின்று, எதையாவது சொல்லாமல் போனால் பண்பில்லை என்பது போல அவர் தோளைத் தட்டினார். “நடந்தது நடந்துடுச்சு. ஆனா ஒண்ணு, எழுத்துல உங்கள அடிச்சுக்க ஆளில்ல” என்றார். தட்டிக்கொடுத்தே பழகிய கை. செத்தவள் எதிரில் நிற்கும்போதும் அதற்கு வேறு வேலை தெரியவில்லை.

கதவைச் சாத்திவிட்டு அவர் திரும்பினார். அவள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். மலர் மடியில் இருந்தது. அழவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நான் செத்துட்டேன்னு போட்டதும் எத்தன பேரு வந்து சொன்னாங்க?”

“அதெல்லாம் எதுக்கு இப்ப.”

“சும்மா சொல்லுங்க.”

“நூத்தி முப்பத்தேழு” என்றார். சொன்ன பிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது. அதில் கொஞ்சம், மிகக் கொஞ்சம், பெருமை இருந்தது. அவளுக்கும் கேட்டது.

“பொழைச்சு வீட்டுக்கு வந்தேனே, அப்ப?”

“பத்துப் பதினஞ்சு இருக்கும்.”

அவள் தலையாட்டினாள். “ரெண்டுல உங்களுக்கு எது நல்லா இருந்துது?”

என்ன கேள்வி இது என்று கோபப்பட்டிருக்கலாம். நீ வந்ததுதான் என்று உடனே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அது பொய்கூட இல்லை, பாதி நிஜம். ஆனால் அந்த நேரம் பார்த்து அவர் யோசித்தார். நேர்மையாக யோசித்தார். இத்தனை நாளில் அவர் நேர்மையாகச் செய்தது அது ஒன்றுதான். யோசிப்பதை அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு எழுந்து போய்த் துணிகளை மடித்து ஒரு பையில் வைத்தாள். காப்பகத்துக்குப் போட்டுப்போகும் இரண்டு சேலை, மாத்திரைகள், மூக்குக்கண்ணாடி. அவர் அறை வாசலில் நின்று, “இரு, பேசலாம், கொஞ்சம் இரு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அவரைத் தள்ளவில்லை. ஓர் ஓரமாகச் சுற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்து, போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டாள்.

“அக்கா, நான் அங்க வரேன். இருக்கியா?”

என்னடி ஆச்சு, மறுபடியும் வலிக்குதா, காய்ச்சலா என்று அந்தப் பக்கம் பதறுவது அவருக்கும் கேட்டது.

“உடம்புக்கு ஒண்ணுமில்லக்கா. இந்த வீட்ல நான் செத்து ரொம்ப நாளாச்சாம். எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”