படித்ததைக் காட்டும் வசதி

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அண்ணனுடைய புளுகு இரண்டு வருடம் ஓடியது.

"உன் போன் வேற ரகம், என் போன் வேற ரகம். நீ அனுப்புற மெசேஜ் எதுவும் எனக்கு வர்றதே இல்ல."

மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்று வேலை பார்க்கும் தங்கை அதை அப்படியே நம்பினாள். இரண்டு ரகப் போனுக்கும் பொதுவாகப் புது மெசேஜ் வசதி வந்திருக்கிறதென்று கேள்விப்பட்டதும், ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"போனைக் குடுண்ணா, ரெண்டு நிமிஷ வேலை."

மறுக்க அவனுக்குச் சாக்கு அகப்படவில்லை. செட்டிங்ஸில் அதை ஆன் செய்துவிட்டு, சரிபார்க்கத் தன் பெயரைத் தொட்டாள். அவள் அனுப்பிய அத்தனையும் அங்கே வரிசையாக இருந்தன.

'அம்மாவுக்குக் காய்ச்சல்.' 'அம்மா உன்னையே கேக்கறாங்க.' 'இன்னிக்காவது வா.'

எல்லாம் அவன் திறந்து படித்தவை.

திட்டுவாள் என்று காத்திருந்தான்; திட்டியிருந்தால் பிழைத்திருப்பான். அவளோ மறுபடி செட்டிங்ஸுக்குப் போய் எதையோ அணைத்துவிட்டுப் போனை நீட்டினாள்.

"இனிமே நீ படிச்சா எனக்குக் காட்டிக்குடுத்துடும்ணா. அதை மட்டும் ஆஃப் பண்ணிட்டேன். உனக்குத்தானே சங்கடம்."