அப்பாதுரைக்கு ஒரு வரி

கல்யாண வாழ்த்து மடல் எழுதுவதில் எனக்கு ஒரு காலத்தில் பெரிய தலைக்கனம் உண்டு. தேரடி வீதிப் பக்கம் ஒரே அறையில் நாங்கள் நான்கு பேர் தங்கி, அரசு வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். எங்களில் யாருக்குக் கல்யாணம் ஆனாலும் மற்ற மூவரும் சேர்ந்து மடல் எழுதுவோம். மஞ்சள் தாளில் அச்சடித்து, வரவேற்பு மேடையில் நான்தான் மைக்கில் வாசிப்பேன். எங்களுக்குள் ஒரு சட்டம்: மாப்பிள்ளைக்கும் எங்களுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி ஒன்று, ஒரே ஒரு வரியில் இருந்தே ஆகவேண்டும்.

அப்பாதுரையின் கல்யாணத்தில் 'ஒரே பௌர்ணமியில் மலையை இரண்டு முறை சுற்றிய பக்தன்' என்று வாசித்தேன். பெரியவர்கள் தலையாட்டி மெச்சினார்கள். மஞ்சள் தாவணி கட்டிய ஒரு பெண்ணின் பின்னால்தான் இரண்டாவது சுற்று நடந்தான் என்பது எங்களுக்குத்தானே தெரியும். மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவன் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த நாட்கள் திரும்ப வராது, தெரியும். ஆனாலும் பாழும் மனசு அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது.

இந்த ஆவணியில் அவன் மகள் சிந்துஜாவுக்குக் கல்யாணம். பத்திரிகை வைக்க வேங்கிக்காலுக்கு என் வீடு தேடி வந்தான். பத்து வருஷமாக வந்துபோகும் தெருவை இரண்டு தரம் போன் செய்து கேட்டுத்தான் வந்தான். அவனுக்கு இப்போது மறதி ஜாஸ்தி. அவன் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் பெற்ற மகனையே யாரென்று கேட்டார். அந்தப் பயம் இவனை அரித்துக்கொண்டிருந்தது.

"மடல் நீதான் எழுதணும் திருமலை. எனக்குன்னு ஒரு வரி வெச்சிடுடா," என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்று நாள் பேனாவும் கையுமாக உட்கார்ந்தேன். இருபது வருஷம் ஆபீஸில் கடிதம் எழுதிய கை, 'பொருள்', 'பார்வை' என்பதைத் தாண்டி நகரவில்லை. நாலாம் நாள் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, போனில் ஏஐயிடம் பெயர்களைக் கொடுத்துக் கேட்டேன். காபி ஆறுவதற்குள் பதினாறு வரி. எதுகை, மோனை எதுவும் பிசகவில்லை. பொய் சொல்லக்கூடாது, நான் எழுதியதை எல்லாம்விட அழகாகவே இருந்தது. அப்பாதுரை கேட்ட வரி நினைவுக்கு வராமல் இல்லை. இவ்வளவு நன்றாக இருப்பதில் கைவைத்துக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

மண்டபத்தில் விழுந்த கைதட்டலை நான் என் ஆயுசில் வாங்கியதில்லை. அப்பாதுரை மட்டும் தட்டவில்லை. முதல் வரியிலிருந்து, சிரிக்கத் தயாராக, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். மடலை மடியில் வைத்துக்கொண்டு, வரிவரியாக விரலால் தொட்டுப் படித்துக்கொண்டிருந்தான்.

"எந்த வரின்னு தெரியலடா," என்றான். "நம்ம ரூம்ல நடந்தது எதையோதான் எழுதியிருப்ப. எனக்குதான் மறந்துபோச்சு."

அவன் கண் கலங்கியிருந்தது. ஏதாவது ஒரு வரியைக் காட்டி ஒரு கதை கட்டிவிடலாமா என்றுகூடப் புத்தி போனது. அதையும் நம்பி, இதையா மறந்தோம் என்றுதான் அழுவான். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"உனக்கு மறக்கலடா. அப்படி ஒரு வரியே அதுல இல்ல. நான் எழுதல, ஏஐ எழுதுச்சு."

அவன் திட்டியிருந்தால் தேவலை. நீளமாக ஒரு மூச்சு விட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பாடா," என்றான். "அப்ப எனக்கு ஒண்ணுமில்ல."