முணுமுணுவின் முக்கியமான வேஷம்

கல்லூரி நாடகக் குழுவில் அவனுக்கு முணுமுணு என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் ஒன்றும் உண்டு. அது ஹால் டிக்கெட்டில் மட்டும் புழக்கத்தில் இருந்தது. மேடை ஓரத்து அட்டைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, வசனம் மறந்து விழிப்பவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. இதில் ஒரு சின்னத் திருத்தம். அந்தக் குழுவில் வசனத்தை மறந்தவர்கள் யாரும் கிடையாது. மறக்க வேண்டுமென்றால் முதலில் மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

ஆகவே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை முணுமுணு கிசுகிசுப்பான், மேடையில் இருப்பவர்கள் முழங்குவார்கள். இதில் மன்னன், சிங்கம் என்று பட்டப்பெயர் கொண்ட நடிகன். கடைசி வரிசையில் தூங்குபவனையும் எழுப்பிவிடும் குரல் அவனுக்கு. காதுக்கும் வாய்க்கும் நேர் ரோடு; நடுவில் மூளை என்ற ஊரில் வண்டி நிற்பதே இல்லை. முணுமுணு ஒருமுறை தும்மியபோது அதையும் உணர்ச்சியோடு தும்மிக் கைதட்டல் வாங்கியவன்.

நாடகங்களை எழுதுவதும் முணுமுணுதான். அதுபோக, நூலகத்துக்குப் போகும் வழியில் ஒட்டப்படும் சுவர்ப் பத்திரிகையில் எல்லாரையும் கிண்டல் செய்து ஒரு பத்தியும் எழுதி வந்தான். சென்ற மாதத் தலைப்பு, 'மேடை நடுக்கம்: சில கைகண்ட மருந்துகள்'. அதைப் படித்து எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு முறைகூட மேடை ஏறாதவன் எழுதியது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. எழுதியவனுக்கே உறைக்கவில்லை.

இந்த உண்மை தெரியாத இன்னொரு ஆள் அவன் அக்கா.

அக்கா ஒரு சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். தைத்து முடித்த சட்டையை வெளிச்சத்தில் ஒருமுறை விரித்தாள் என்றால், பிசிறு நூலெல்லாம் தானாக எழுந்து நின்று தப்பை ஒப்புக்கொள்ளும். அவள் சம்பளத்தில்தான் அவன் படித்தான். மாலை ஷிப்ட் என்பதால் அவன் நாடகம் எதையும் அவள் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"என்ன வேஷம்டா இந்த தடவ?"

"முக்கியமான வேஷம்க்கா. நான் இல்லேன்னா நாடகமே இல்ல."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று அவன் மனசாட்சியிடம் வாதாடி ஜெயித்திருந்தான். நீதிபதியும் அவனே என்பதால் வழக்கு சீக்கிரம் முடிந்தது.

யாருக்கும் பயப்படாத அக்காவுக்கு ஒரே ஒரு பயம், சூப்பர்வைசர். போனில் அவர் குரல் கேட்டதும் நாக்கு மடங்கிவிடும். அப்போதெல்லாம் முணுமுணு பக்கத்தில் நின்று, 'காய்ச்சல்னு சொல்லு', 'நாளைக்குச் சேர்த்துப் பார்த்துடறேன்னு சொல்லு' என்று எடுத்துக் கொடுப்பான். வீட்டிலும் தொழில் அதுதான்.

இந்த வருடம் அக்கா அவனிடம் கேட்காமலே ஒரு காரியம் செய்துவிட்டாள்.

"சூப்பர்வைசர்கிட்ட கேக்கல. கூட வேல பாக்குறவ என் இடத்துல நிக்கிறேன்னா. நான் நாடகத்துக்கு வரேன். முன் வரிசைல உக்காந்து பாக்கணும் உன்ன."

"முன் வரிசைல கழுத்து வலிக்கும்க்கா. வீட்லயே இரேன், நான் வந்து கதைய சொல்றேன்."

"உன் மூஞ்சிய பாக்கணும்டா எனக்கு, கதை எதுக்கு?"

அன்றிரவு படுத்தபடி, அட்டைக் கதவில் ஓட்டை போட்டு அதன் வழியாக மூஞ்சியைக் காட்டலாமா என்றுகூட யோசித்தான். கடைசியில், நாடகம் முடிந்து எல்லாரும் வரிசையாக வணக்கம் சொல்லும்போது கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்துவிடுவது என்று தீர்மானித்தான். ஒப்பனையோடு நின்றால் அக்காவுக்கு என்ன தெரியப்போகிறது!

ஆனால் நாடகத்தன்று காலையில், வாடகைக்குக் குடியிருக்கும் குடித்தனக்காரனாக நடிக்க வேண்டிய ஜிகினா என்ற பையன், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாய் நிறையப் பஞ்சோடு வந்து நின்றான்.

"ம்ம்ம். ம்ம்," என்றான்.

"என்னடா சொல்றான் இவன்?" என்றாள் கேப்டன். அவள் இறுதியாண்டு மாணவி. இயக்கம், விளக்கு, திட்டு மூன்றும் அவள் பொறுப்பு.

"வலி தாங்கலயாம். டாக்டர் பேசக்கூடாதுன்னுட்டாராம்," என்றான் முணுமுணு, பழக்கதோஷத்தில்.

கேப்டன் அவனை மேலும் கீழுமாகப் பார்த்தாள். கடையில் ஒரே ஒரு கத்தரிக்காய் மிச்சமிருக்கும்போது பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"உனக்கு எல்லா வசனமும் தெரியும்ல?"

"தெரியும். ஆனா மெதுவாத்தான் தெரியும்."

"அப்ப எனக்கு யாரு எடுத்துக் குடுப்பா?" சிங்கத்தின் குரலில் கர்ஜனை போய், பால் கேட்கும் பூனை வந்திருந்தது.

"பக்கத்துலயே நிக்கப் போறான்ல. இன்னும் வசதி," என்றாள் கேப்டன். பின்னால் இந்த வாக்கியத்தை அவள் பலமுறை நினைத்துக்கொண்டிருப்பாள்.

நாடகம் சின்னதுதான். குடித்தனக்காரனின் வீட்டுக்கு வீட்டுக்காரர் வருகிறார். உடனே காலி பண்ணு என்கிறார். ஒழுகும் கூரை, மூடாத கதவு, தண்ணீர் வராத குழாய் என்று குடித்தனக்காரன் சண்டை போடுகிறான். வீட்டுக்காரர் கத்திவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு போகிறார். குடித்தனக்காரன் தனியாக நடு மேடைக்கு வந்து, சபையைப் பார்த்து, "நான் எங்கயும் போகமாட்டேன்" என்கிறான். திரை. இந்தக் கடைசி வரியை எழுதிய அன்று, தன் துணிச்சலை மெச்சித் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டான் முணுமுணு. எங்கேயும் போகாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எழுதுகிறவனுக்கு என்ன தெரியும்?

மத்தியானம் காலி அரங்கில் ஒருமுறை ஒத்திகை பார்த்தபோது குரல் சுமாராக வந்தது. நாற்காலிகளைக் கண்டு அவனுக்குப் பயமில்லை. சாயங்காலம் அவற்றின் மேல் ஆட்கள் உட்காரத் தொடங்கியதும்தான் முழங்கால்கள் இரண்டும் தனித்தனியாகக் கருத்துத் தெரிவிக்க ஆரம்பித்தன.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வெந்நீர் குடி என்றாள் கேப்டன். குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான். அதன் விளைவாகப் பக்கத்துக் கழிவறைக்கும் ஒப்பனை அறைக்கும் நடுவே அவன் கால் தடத்தில் ஒரு பாதையே விழுந்தது. எதிரே இருப்பவர்களை முட்டைக்கோஸ் என்று நினைத்துக்கொள் என்றான் சிங்கம். திரை இடுக்கு வழியாகப் பார்த்தான். வரிசை வரிசையாக முட்டைக்கோஸ். முன் வரிசை நடுவில், மூக்குக் கண்ணாடி போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இவனையே எதிர்பார்த்து ஒரு முட்டைக்கோஸ். அதற்கு அக்காவின் முகம். திரையை மூடிவிட்டான்.

கடைசியில் வேறு வழியில்லாமல், ஒட்டு மீசையோடு சுவர்ப் பத்திரிகைக்கு ஓடினான். மேடை நடுக்கத்தைப் பற்றி அந்தக் கல்லூரியில் எழுதியிருந்தவன் அவன் ஒருவன்தானே! மூச்சிரைக்க நின்று, தன் கைகண்ட மருந்துகளைப் படித்தான்.

'நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் கவலை வேண்டாம். பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம்.' 'கால் நடுங்கினால் ஆடுங்கள். நடனம் என்று நினைத்துக்கொள்வார்கள்.' 'மயக்கம் வந்தால் சபையின் இடப்பக்கமாக விழவும். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது.'

இந்தக் கருமத்தை எழுதியவன் கையில் கிடைத்தால் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. கழுத்து கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"டேய் முணுமுணு! பத்திரிகை படிக்கிற நேரமாடா இது?" கேப்டனின் குரல் அவனைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

திரை விலகியது. குடித்தனக்காரன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நின்றிருந்தால் முழங்கால் பேசியிருக்கும். கதவு தட்டப்பட்டது. சிங்கம் தொந்திக்குத் தலையணை கட்டிக்கொண்டு வீட்டுக்காரராக உள்ளே வந்து நின்றது. அடுத்த வசனம் இவனுடையது. 'வாங்க சார், உக்காருங்க.'

வாயைத் திறந்தான். பயத்தில் தொண்டை தனக்குத் தெரிந்த ஒரே தொழிலுக்கு ஓடிப்போய் ஒளிந்துகொண்டது.

"வாங்க சார், உக்காருங்க," என்று கிசுகிசுத்தான்.

கிசுகிசுப்பு காதில் விழுந்தால் சிங்கம் சும்மா இருக்குமா? கையை விரித்து, மார்பை நிமிர்த்தி, "வாங்க சார்! உக்காருங்க!" என்று முழங்கிவிட்டு, தானே உட்கார்ந்தும் கொண்டது.

சபையில் ஒருவன் சிரித்தான். முணுமுணுவுக்குக் காதெல்லாம் சூடானது. சரி, வீட்டுக்காரர் வசனத்துக்குப் போய்விடுவோம் என்று, "நாளைக்கே வீட்ட காலி பண்ணு" என்று எடுத்துக் கொடுத்தான். சிங்கம் கர்ஜித்தது. ஒழுங்காக வந்தது. அடுத்தது மறுபடியும் இவன் வசனம். குரலை எங்கெங்கோ தேடினான். கிடைத்தது கிசுகிசுப்புதான்.

"மழை பேஞ்சா வீட்டுக்குள்ள குடை பிடிச்சிட்டு தூங்குறோம், தெரியுமா உங்களுக்கு?"

"மழை பேஞ்சா வீட்டுக்குள்ள குடை பிடிச்சிட்டு தூங்குறோம்!" வீட்டுக்காரர் மேஜையை ஓங்கிக் குத்தினார். "தெரியுமா உங்களுக்கு?"

அரங்கம் வெடித்தது. குடித்தனக்காரன் பூனை மாதிரி உதட்டை அசைக்கிறான். வீட்டுக்காரர் அவனுக்காகத் தன் வீட்டையே கிழிகிழியென்று கிழிக்கிறார். கதவு மூடவில்லை என்று கத்தினார். குழாயில் காற்று மட்டும்தான் வருகிறது என்று கண்கலங்கினார். "உங்கள மாதிரி கல்நெஞ்சக்காரர பார்த்ததே இல்ல சார்" என்று தன்னையே திட்டிக்கொண்டு, அதே மூச்சில் "வாய மூடு!" என்று தன்னையே அதட்டினார். விளக்குப் பலகைக்கு அருகில் கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஜிகினா பஞ்சைக் கடித்துக்கொண்டு சிரித்ததில் தையல் பிரிந்துவிடும் போலிருந்தது.

சிங்கத்துக்கு எதுவும் தெரியாது. தன் நடிப்பு இன்று சிகரத்தைத் தொட்டுவிட்டது என்று மட்டும் அதன் முகம் சொன்னது. முணுமுணுவுக்கும் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. பரவாயில்லை, இப்படியே ஒப்பேற்றிவிடலாம். இன்னொருவன் வாய் பக்கத்தில் இருக்கும்வரை என்ன பயம்?

அப்போதுதான் அந்த வாய், "நாளைக்கு காலைல நீ இங்க இருக்கக்கூடாது!" என்று கத்திவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே போனது.

எழுதியது அவன்தான். வீட்டுக்காரர் போக வேண்டும் என்று எழுதியிருந்தான். ஏன் போக வேண்டும்? இருந்துவிட்டுப் போகட்டுமே! எந்த மடையன் இப்படி எழுதினான்?

எழுந்து நடு மேடைக்கு வந்தான். கால்கள் வந்தனவா, அவனை யாராவது தள்ளிவிட்டார்களா தெரியவில்லை. கடைசி வரியை அட்டைக் கதவுப் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்துப் பார்த்தான். அந்தப் பக்கம் யாரும் இல்லை. அந்தப் பக்கம் நிற்க வேண்டியவன் இங்கே நின்றான்.

"நீதான்டா சொல்லணும்!" கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு சீறினாள்.

சிரிப்பு அடங்கிவிட்டது. வெளியே போகும் வழி இரண்டு எட்டில் இருந்தது. அப்படியே ஓடிவிட்டால் நாடகம் முடிந்தது. முன் வரிசையில் அக்கா கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பாளே, அதே பார்வை. ஆனால் குற்றம் தேடவில்லை, காத்திருந்தாள்.

அவன் தலையைக் குனிந்து, யாருக்கும் கேட்காமல், தனக்கே எடுத்துக் கொடுத்தான். "நான் எங்கயும் போகமாட்டேன்."

அந்தக் குழுவின் வழக்கப்படி, எடுத்துக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தாவது குரல் வந்தாக வேண்டும். ஒரு மூச்சு விட்டான். இன்னொரு மூச்சு.

"நான் எங்கயும் போகமாட்டேன்!"

பழைய சைக்கிள் மணிபோல நடுவில் உடைந்து, கிறீச்சிட்டு, ஆனால் அரங்கத்தின் கடைசிச் சுவர் வரை போய் முட்டிக்கொண்டு திரும்பி வந்தது அவன் குரல். அது தன்னுடையதுதான் என்று நம்ப அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் திரை விழுந்துவிட்டது. ஒட்டு மீசையும் விழுந்துவிட்டது.

"மனுஷன் என்ன நடிப்புடா இன்னைக்கு!" என்று சிங்கம் கட்டிப்பிடித்தது. சொன்னது தன்னைப் பற்றித்தான்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். வந்ததும் முதல் வேலையாக அவன் சட்டைக் காலரில் தொங்கிய நூலைப் பிடுங்கினாள்.

"இதான் உன் முக்கியமான வேஷமா? ஒரே ஒரு வரிதான் பேசுனே."

"அதுக்கே தொண்ட கட்டிடுச்சுக்கா."

"முன் வரிசைல எல்லாம் கேட்டுச்சுடா. நீ கிசுகிசுன்னு சொல்லுவே, அந்த குண்டன் கத்துவான்." அவள் நூலை விரலில் சுற்றிக்கொண்டாள். "இத்தன வருஷமும் இதான வேலை?"

பொய் சொல்ல நல்ல சமயம். வசனமும் தயாராக இருந்தது. "ஆமாக்கா," என்றான்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவள் முகம் மாறியது. சூப்பர்வைசர். மாற்று ஆள் மாட்டிக்கொண்டுவிட்டாள் போல.

"என்னடா சொல்றது?"

"தம்பிக்கு ஒடம்பு சரியில்லன்னு..." என்று கிசுகிசுக்கத் தொடங்கினான்.

அக்கா அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு போனை அவன் கையில் வைத்தாள்.

"நீயே சொல்லு. உண்மைய சொல்லு. சத்தமா."

முழங்கால்கள் மறுபடி விவாதத்தைத் தொடங்கின. இந்தத் தடவை எதிரே முட்டைக்கோஸ்கூட இல்லை. முணுமுணு பச்சைப் பொத்தானை அழுத்தினான். மறுமுனையில் சூப்பர்வைசரின் இருமல் சத்தம் மட்டும் கேட்டது. போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, முதலில் தனக்கு மட்டும் ஒருமுறை கிசுகிசுத்துக்கொண்டான். ஒரு மூச்சு விட்டான்.

"ஹலோ!" என்றான். சாலைக்கு எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, "என்னையா தம்பி?" என்றார்.