டர்போ ஆறும் நேரம்

1

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, மாலை 6:52. அடுக்ககத்தின் திறந்த வண்டி நிறுத்தம், இருபத்தேழாம் எண் தூண். காரின் திரையில் இருந்தது: ஓடிய தூரம் 11.4 கிலோமீட்டர், இன்ஜின் ஓடிய நேரம் ஒரு மணி நான்கு நிமிடம்.

இந்தக் கதையில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஏறக்குறைய இவ்வளவுதான். ஒரு மோட்டார் பத்திரிகையில் எண்களைச் சரிபார்ப்பது என் வேலை. மூன்று மாதச் சோதனைக்கு வந்த கார் ஒன்றின் பதிவேடு என் மேசைக்கு வந்தது. ஓரத்தில் மேலே உள்ள வரியைப் பென்சிலால் எழுதி, அழிக்கப் பார்த்து, பாதியில் விட்டிருந்தார்கள். தேய்த்த இடத்தில் தாள் பஞ்சு பஞ்சாக எழும்பியிருந்தது. எண் சரியா என்று பார்க்க வேண்டிய நான், அதை எழுதியவள் ஏன் அழிக்கப் பார்த்தாள் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "செந்நிறக் கார் ஒன்று, பாயப்போகும் புலியைப் போல—"

வேண்டாம். வேகமான காரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கிருந்தோ ஒரு புலி வந்துவிடுகிறது. அது சாம்பல் நிறக் கார். பின் இருக்கையில் காய்கறிப் பை வைத்த கறை இருந்தது.

இரண்டாவது தொடக்கம்: "அவளுக்குச் சந்தேகம் வந்தது பெட்ரோல் பங்கில்." இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

அவளை அலுவலகத்தில் மைலேஜ் என்று கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. பதினாறு வருடங்களாக, எந்தக் கார் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்பதைத் தானே ஓட்டிப் பார்த்து எழுதுகிறவள். எப்போதும் ஒரே பங்க், ஒரே குழாய். குழாய் தானாக 'டக்'கென்று நிற்கும் வரை நிரப்புவாள். அதற்கு மேல் ஒரு சொட்டு ஊற்ற விடமாட்டாள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி 'டக்' வரை நிரப்புவாள். ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் வருவதுதான் அவளுக்கு எண். காரின் திரை காட்டும் சராசரியை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. "அது மருமகன் வீட்டுல மாமியார் சொல்ற மாதிரி, எல்லாம் நல்லாவே சொல்லும்" என்பாள்.

இந்த முறை வந்தது இரண்டு லிட்டர் டர்போ கார். டர்போவின் குணம் காலில் இருக்கிறது. மெதுவாக மிதித்தால் சாதுவாக, சின்னக் கார் அளவுக்குத்தான் குடிக்கும். ஓங்கி மிதித்தால் டர்போ காற்றை இன்ஜினுக்குள் திணிக்கும். அதற்கு ஈடாகப் பெட்ரோலும் கொட்டும். நிறுவனம் லிட்டருக்கு 15.2 என்றது. இப்படிப்பட்ட காரைப் பந்தயத்துக்கு இல்லாமல் வேலைக்கும் கடைக்கும் ஓட்டினால் என்ன கொடுக்கும்? இதுதான் அவள் எழுத வேண்டிய கட்டுரை. ஆகவே ஒரு வாரம் அவளும், மறுவாரம் அவள் கணவரும் ஓட்டுவது என்று ஏற்பாடு. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர்.

அவள் வாரங்களில் 12.6. கணவரின் வாரங்களில் 9.1.

3

இங்கே எனக்கு ஒரு சிக்கல். கணவர் சாலையில் சீறிப் பாய்கிறவர் என்றால் கதை முடிந்துவிடும். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. பச்சை விளக்கைப் பார்த்தாலே, அடுத்து மஞ்சள் வருமே என்று வேகத்தைக் குறைக்கிறவர். மைலேஜின் அண்ணன் ஒரு தடவை அவரோடு போய்விட்டு வந்து சொன்னது: "மாப்பிள்ளை ஓட்டினா பின்னாடி எறும்பு ஹாரன் அடிக்குது."

முதலில் அவள் காரைத்தான் சந்தேகப்பட்டாள். டயரில் காற்று சரியாக இருந்தது. மெக்கானிக் வண்டியைத் தூக்கி அடியில் விளக்கடித்துப் பார்த்தார். ஒழுகல் இல்லை, பிரேக் பிடித்துக்கொள்ளவில்லை.

"வண்டிமேல தப்பில்லக்கா. மிதிக்கிற காலைப் பாருங்க."

"அந்தக் காலை எனக்குப் பத்தொம்பது வருஷமாத் தெரியும்" என்றாள் அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து நாற்பது கிலோமீட்டர் போய் வந்து, 'டக்' வரை நிரப்பினாள். 12.9. அவளை விட நன்றாகவே ஓட்டியிருந்தார். அப்படியென்றால் தனியாகப் போகும்போது வேறு ஆளா? வெறிச்சோடிய மேம்பாலத்தில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பதை அவள் கற்பனை செய்து பார்த்தாள். கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. (இந்த வரியை இரண்டு தடவை எடுத்தேன், இரண்டு தடவை திரும்ப வைத்தேன்.)

[கைவிட்டது: "அவருக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. தினமும் பூங்காவில்—" இல்லை. காலங்காலமாக வேலை போனவர்கள் எல்லாம் அந்தப் பூங்காவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், இனி இடமில்லை.]

[இதுவும்: "இன்னொரு பெண்ணின் வீட்டு வாசலில்—" பதிவேடு இடம் கொடுக்கவில்லை. கடைக்கும் வீட்டுக்கும் போய்வர 22.8 கிலோமீட்டர். ஒரு நாள் தவறாமல் 22.8. ஒரு சந்து கூடத் திரும்பவில்லை.]

தூரம் ஒழுங்காக இருந்தது. பெட்ரோல்தான் எங்கோ போய்க்கொண்டிருந்தது. அவளுக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரியாததை நான் அப்போது புரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய்.

4

தப்பு பதிவேட்டில் இருந்தது. அதில் நான்கு கட்டங்கள்: தேதி, தூரம், லிட்டர், ஓட்டியவர். நேரத்துக்குக் கட்டம் இல்லை. பதினாறு வருடங்களுக்கு முன் அவளே ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள். கார் என்றால் ஓடுவது என்று நினைத்தே போட்டிருக்கிறாள்.

மார்ச் 11 அன்று குப்பையைப் போடக் கீழே இறங்கினாள். இருபத்தேழாம் தூணருகே கார் நின்றது. கிட்டே போனபோதுதான் இன்ஜின் ஓடிக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. உள்ளே கணவர். பாட்டு இல்லை, கையில் போன் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எதிரே வைத்துவிட்டுக் கைகளை மடியில் போட்டிருந்தார்.*

* முதல் வரைவில் இதை மூடிய கீழ்த்தளம் என்று எழுதியிருந்தேன். மூடிய இடத்தில் கார்ப்புகை என்றதும் உங்களுக்கு என்ன தோன்றுமோ அதுவே எனக்கும் தோன்றியது. கதை அந்தப் பக்கம் சாயக் கூடாது. அதனால் நான்கு பக்கமும் சுவரை எடுத்துவிட்டேன். அவர் நலமாக இருக்கிறார். நல்ல காற்று வருகிறது.

5

இனி வருவது பேச்சு. நான் அங்கே இல்லை. ஆகவே குறைவாகவே எழுதுகிறேன்.

அவள் கார்க் கதவின் கண்ணாடியைத் தட்டினாள். அவர் இறக்கினார்.

"என்னங்க பண்றீங்க இங்க?"

"டர்போ ஆறட்டும்னு."

அது அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை. கார் வந்த முதல் நாள் சாவியைக் கொடுக்கும்போது, ஓட்டி நிறுத்தியதும் உடனே அணைக்க வேண்டாம், டர்போ சூடாக இருக்கும், கொஞ்சம் ஆறவிட்டு அணையுங்கள் என்று சொல்லியிருந்தாள். பழைய டர்போ கார்களுக்கு, அதுவும் விரட்டி ஓட்டினால், அது தேவை. இந்தக் காரில் அணைத்த பிறகும் தானாகக் குளிர்விக்க ஏற்பாடு உண்டு. எறும்பு ஹாரன் அடிக்கும் ஓட்டத்துக்கு எதுவுமே தேவையில்லை. அது தெரிந்தும் பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

"ஒரு நிமிஷம்னு சொன்னேன்."

"ஆமா. முதல்ல ஒரு நிமிஷம்தான் இருந்தேன்."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். திரைக்குக் கீழே ஆரஞ்சு விளக்கு எரிந்தது. கார் நின்றால் இன்ஜின் தானாக அணைந்துவிடும். அணையாமல் இருக்க ஒவ்வொரு தடவையும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அவர் அழுத்தியிருந்தார். அவள் கையை நீட்டி, இதுவரை புரட்டியே பார்க்காத திரைப் பக்கத்துக்குப் போனாள். ஒரு மணி நான்கு நிமிடம். கடையிலிருந்து வீட்டுக்கு இருபத்தாறு நிமிடம்தான். மீதி முப்பத்தெட்டு. குளிரூட்டியோடு நின்ற இடத்தில் ஓடினால் இந்த இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும். மனக்கணக்காகப் போட்டாள். 12.6 எப்படி 9.1 ஆனது என்பது சரியாக வந்தது. பதினாறு வருடத்தில் ஒரு கணக்கு சரியாக வந்ததற்காக அவள் வருத்தப்பட்டது அன்றுதான்.

"தினமுமா?"

"என் வாரத்துல மட்டும். உன் வாரத்துல பஸ்லதானே வரேன். பஸ்ல கடைசி ஸ்டாப்புல உக்காந்திருந்தா கண்டக்டர் எறக்கி விட்டுடுவார்."

அவள் சிரிக்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"மேல வரப் பிடிக்கலையா?"

அவர் என்ன சொன்னார்? மூன்று பதில்கள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் பதில்: "நாள் முழுக்க, முன்னாடி தெளிவா, இப்போ தெளிவான்னு நான் கேட்டுக்கிட்டே இருக்கேன். மேல வந்தா நீ கேப்பே. நடுவுல யாரும் எதுவும் கேக்காத எடம் இது ஒண்ணுதான்." அழகாக இருக்கிறது, அதனால்தான் நம்பிக்கை வரவில்லை. நின்ற காரில் உட்கார்ந்திருக்கிற மனிதர் இவ்வளவு தெளிவாகப் பேசினால் அவர் ஏன் நின்ற காரில் உட்கார்ந்திருக்கிறார்? தவிர, யாரும் அளக்காத இடம் என்று அவர் நினைத்த அந்தக் கார்தான் அவரை நிமிடக் கணக்காக அளந்துகொண்டிருந்தது. இது எனக்குப் பிடித்த விஷயம். அவருக்குத் தெரிந்த விஷயம் இல்லை.

இரண்டாவது: "அப்படியெல்லாம் இல்ல." இதை எல்லாக் கணவர்களும் சொல்வார்கள்.

மூன்றாவது, இப்போதைக்கு இருப்பது:

"தெரியலம்மா. தினமும், இன்னிக்கு நேரா மேல போயிடணும்னுதான் வரேன்."

அவர் இன்ஜினை அணைத்தார். மின்தூக்கியில் இருவரும் ஏறினார்கள். குப்பைப் பை அவள் கையிலேயே இருந்தது.

6

இந்தப் பகுதி எனக்குத் தெரியும். ஆசிரியர் அறையில் நானும் இருந்தேன்.

எல்லாத் தூரத்தையும் எல்லா லிட்டரால் வகுத்தால் 10.6 வந்தது. நிறுவனம் சொன்னதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். அவர்கள் பதிவேட்டைக் கேட்பார்கள் என்றார் ஆசிரியர். பென்சில் வரியை அவரும் படித்திருந்தார்.

"வீட்டுக்காரர் ஓட்டின வாரத்தை மட்டும் எடுத்துடும்மா. உன்னோட 12.6 போதும். யார் கேக்கப் போறா?"

அவள் பதிவேட்டைப் புரட்டினாள். எடுத்துவிட்டால் வீட்டு விஷயம் வீட்டோடு போகும். எடுக்காவிட்டால், முன்பின் தெரியாதவர்கள் அந்த முப்பத்தெட்டு நிமிடத்துக்கு அவளிடம் விளக்கம் கேட்பார்கள். அவளிடமே விளக்கம் இல்லை. ஆனால் டேங்கில் ஊற்றிய ஒரு லிட்டரைக்கூட அவள் இதுவரை கணக்கிலிருந்து தள்ளியதில்லை.

"சிக்னல்ல நின்னா சேர்க்கறோம் சார். வீட்டு வாசல்ல நின்னா சேர்க்கக் கூடாதா?"

"அது ஓட்டம் இல்லையேம்மா."

"அதுவும் அன்றாடம்தானே சார்."

10.6 என்றே அச்சானது. கீழே சின்ன எழுத்தில், 'நின்ற நேரம் உட்பட'.

பதிவேட்டில் ஐந்தாவதாக நேரத்துக்கு ஒரு கட்டம் போடலாமே என்று நான்தான் சொன்னேன். மிச்சமிருந்த பக்கங்களில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள்.

7

இனி முடிவு. என்னிடம் இருப்பவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

அவர் மறுநாளிலிருந்து நேராக மேலே வந்துவிட்டார். இதை ஒரு பக்கம் எழுதினேன், காபி எல்லாம் போட்டு. நன்றாக வந்திருந்தது. ஆனால் இதழ் அச்சான பிறகு கணவர் ஓட்ட வேண்டிய வாரம் ஒன்று மீதி இருந்தது. பதிவேடு இரண்டாவது தடவை என் மேசைக்கு வந்தபோது அந்த வாரத்தின் எண்ணைப் பார்த்தேன். நான் எழுதிய அந்தக் காபிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

தினமும் 22.8 கிலோமீட்டர்தான். ஆனால் எண் இன்னும் இறங்கியிருந்தது. கணக்குப் போட்டால், கார் தினமும் நின்ற இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது.

அவர் முன்பைவிட அதிக நேரம் தனியாக உட்கார்ந்திருந்தார் என்று இதைப் படிக்கலாம். அவர் வந்து நிறுத்தியதும் அவள் கீழே இறங்கி, அடுத்த கதவைத் திறந்து உள்ளே ஏறிக்கொண்டாள் என்றும் படிக்கலாம். ஒருவர் உட்கார்ந்தாலும் இருவர் உட்கார்ந்தாலும் இன்ஜின் அதே அளவுதான் குடிக்கும். கார் அலுவலகத்துக்குத் திரும்பி வந்தபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். முன் இருக்கைகள் இரண்டுமே பின்னால் சாய்ந்திருந்தன. கழுவுகிறவர்கள் அப்படித்தான் விட்டுவிட்டுப் போவார்கள் என்றார் மெக்கானிக். அவளிடம் கேட்டிருக்கலாம். அடுத்த மேசைதான். வாயெடுக்கப் போனேன், அந்த நேரம் பார்த்து அவள் வேறொரு காரின் டயர் அளவைப் படித்துக்கொண்டிருந்தாள்.

கண் பரிசோதிப்பவர்கள் ஒரு வில்லையை வைத்து, எடுத்து, இன்னொன்றை வைப்பார்கள். நானும் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டேன். எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. உங்களுக்கு எது தெளிவு?

8

கடைசி வாரம், பதிவேட்டின்படி: தூரம் 136.8 கிலோமீட்டர். ஊற்றியது 18.5 லிட்டர். லிட்டருக்கு 7.4. ஓட்டியவர், கணவர். நேரத்துக்குப் போட்ட கட்டம் நிரப்பப்படவில்லை. திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குக் கார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.