குடைப் பூனையும் மழையும்

கண்ணாடிக் கடையில் சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்து கைப்பையை மாட்டும்போதே பின்னறை அலமாரி அவள் கண்ணில் பட்டது. மேல்தட்டில் டிஸ்க்குகள் வரிசை கலையாமல் நின்றன. கீழ்த்தட்டில் நாலைந்து வீடியோ கேசட்டுகள் மட்டும், பல் போன வாய் போல.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு அவளோடு வந்தவை அந்தக் கேசட்டுகள். ஏழெட்டு நிமிஷம் ஓடுகிற பழைய கார்ட்டூன் படங்கள். கல்லூரியில் படிக்கும்போதே, மூடப்போகிற வீடியோ கடைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் அலைந்து சேர்த்தவை. நாத்தனார் அவளுக்குப் 'பொம்மைக்காரி' என்று பெயர் வைத்திருந்தாள். மாமியார் மட்டும் பெரிய மனசு பண்ணி, நாளைக்கு ஒரு குழந்தை பிறந்தால் பார்க்கும், இருந்துவிட்டுப் போகட்டும் என்பார். நாத்தனாரின் கிண்டலைவிட அந்தப் பெரிய மனசுதான் அவளுக்கு அதிகம் உறுத்தும்.

கேசட்டுகள் எதிர்வரிசை மழலையர் பள்ளிக்குப் போய்விட்டன என்று மாமியார் வெகு சாதாரணமாகச் சொன்னார். ஒரே படம் கேசட்டிலும் டிஸ்க்கிலுமாக இரண்டு இரண்டாக எதற்கு? மகன்தான் காலையில் உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தானாம்.

அவள் கணவனும் மறுக்கவில்லை. மருந்துக் கிடங்கில் சரக்கு சரிபார்க்கிறவன். பழைய தேதி போட்டதைக் கழித்துவிட்டுப் புதியதை நிறுத்துவது அவன் கைப்பழக்கம். டிஸ்க் இல்லாத கேசட் எதையும் தொடவில்லை என்று பெருமையாக வேறு சொன்னான்.

அவள் ஒரு டிஸ்க்கை எடுத்து ஓடவிட்டாள். திரையில் ஒரு பூனை குடையைப் பிடித்துக்கொண்டு, உடம்பைக் குறுக்கி நடுங்கிக்கொண்டே தெருவில் போனது.

"எதுக்குக் குடை பிடிச்சிருக்கு?"

அவன் முன்னால் குனிந்து பார்த்தான். "மழை எங்க?"

"பழைய பிலிம்ல இருக்கிற கீறலை மெஷின் வச்சு அழிச்சுட்டுத்தான் டிஸ்க் போடுவாங்க. மழையும் கோடு கோடாத்தானே வரைஞ்சிருக்கு? அதையும் கீறல்னு சேர்த்துத் தொடச்சிருச்சு. கேசட்லதான் மழை பெய்யும்."

அவன் முகம் வாடியது. "புதுசுதான் நல்லதுன்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியதும் மாமியார் குறுக்கே வந்தார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது மானக்கேடு, அதுவும் பள்ளிக்கூட டீச்சர் தன் சிநேகிதி, குழந்தைகள் கையிலிருந்து பிடுங்கினால் தெருவே சிரிக்கும் என்றார்.

"சிரிக்கட்டும் அத்தை. சிரிக்கத்தானே அந்தப் படத்தையெல்லாம் எடுத்தாங்க."

"நாளைக்கு உனக்குன்னு ஒரு குழந்தை..."

"பொறந்தா என்கிட்ட கேட்டுட்டுப் பாக்கட்டும். குழந்தைக்காக எடுத்து வச்சதில்ல அத்தை, இது. எனக்காக."

குரலை அவள் உயர்த்தவில்லை. ஆனாலும் மாமியார் வழியை விட்டார். கணவன் அவசர அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

பள்ளியில் கேசட் போடுகிற பிளேயரே கிடையாது. பெற்றோருக்காகக் காத்திருந்த பிள்ளைகள் கேசட்டுகளை அடுக்கிச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். நல்ல கட்டையாக இருக்கிறதே என்று கொடுத்துவிட்டதாக டீச்சர் நெளிந்தார். குடைப் பூனை கேசட், ரெட்டைச் சடை போட்ட ஒரு குட்டிப் பெண்ணின் வீட்டுக்குக் கூரையாகியிருந்தது.

"இது என் வீடு," என்றாள் அந்தப் பெண்.

அவள் அந்தப் பெண்ணுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "வீடு உன்னோடது. கூரை என்னோடது."

"நீ பெரியவ. உனக்கு எதுக்குப் பொம்மைப் படம்?"

கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கெல்லாம் அவள் மழுப்பியே வந்திருந்தாள்.

"எனக்குப் பிடிக்கும்," என்றாள் இப்போது.

குட்டிப் பெண் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சுவர் சரியாமல் கூரையை மட்டும் தூக்கிக் கொடுத்தாள். கணவன் ஓர் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து அந்த வீட்டுக்குப் புதுக் கூரை போட்டான். பெட்டிக்குள் கேசட்டுகளை அடுக்கிக்கொண்டே, அப்படியானால் டிஸ்க்குகளை இவர்களுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்டான்.

"அதுவும் வேணும். மழை எப்படிக் காணாமப் போச்சுன்னு நாலு பேருக்குக் காட்ட வேண்டாமா?"

வாசலில் அவன் தயங்கினான். எதிரே மாடியில் மாமியாரும், அக்கம்பக்கத்துப் பெண்களும். பின் சந்து வழியாகப் போய்விடலாமே என்றான்.

"ஏன், திருடிட்டா போறோம்?"

நடுத்தெருவில் பெட்டி கனத்தது. அவள் அதைக் கீழே வைத்து, புடவைத் தலைப்பைச் செருகி, மாடியை ஒருமுறை நன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டு, நிதானமாகத் தூக்கினாள். மறுபக்கத்தை அவன் பிடித்துக்கொண்டான்.

பெட்டி பின்னறைக்குப் போகவில்லை. கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் இறங்கியது.

"இங்கயா?" என்றார் மாமியார்.

"இங்கதான் அத்தை."

பிளேயரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து அவள் கேசட்டைச் செருகினாள். கொஞ்ச நேரம் திரை நடுங்கியது. பிறகு சாய்வு சாய்வாகக் கோடுகள் இறங்கின. குடையின் மேல் மழை கொட்டியது. மாமியார் உட்காரவில்லை. உள்ளே போகவும் இல்லை.