சும்மா நிற்கிற அம்மா

கண்ணாடியைக் கழற்றியதும் அம்மா இரண்டானாள்.

ஒருத்தி ரப்பர் பூட்ஸும் கையில் தண்ணீர் வராத குழாயுமாக எதிரே நின்றாள். இன்னொருத்தி ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் வெளிறி, அதே பூட்ஸ், அதே குழாயோடு. ஓவியக்காரி வியர்வையைத் துடைக்கத்தான் கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தவள் திரும்ப மாட்டவில்லை.

"ஏண்டி முழிக்கிற? கால் மரத்துப்போச்சு, சீக்கிரம் வரை," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

நேரமில்லைதான். காலையில் கண்காட்சிக்காரர் வந்து படத்தைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஆளுயரத் துணியில் பேருந்துப் பணிமனை, ஒரு பேருந்து, அதைக் கழுவும் அம்மா. டயரின் பள்ளம், ஜன்னல் கம்பியின் துரு, எதுவும் பிசகவில்லை. கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே அவர் சொன்னார். "சுத்தமா இருக்கும்மா. இதுக்கு ஒரு ஃபோட்டோ எடுத்திருக்கலாம். சாயங்காலம் வர்றேன். உயிர் வந்திருந்தா கண்காட்சி வாசல் சுவர். இல்லேன்னா போன வருஷம் மாதிரி மாடிப்படிக்கு அடியில." போன வருஷம் அந்தப் படத்தைப் பார்த்தது துடைப்பம் எடுக்க வந்தவர் மட்டுமே.

சின்ன வயதில் அவளுக்கு மாறுகண். பள்ளி விட்டதும் பணிமனையில் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து பார்ப்பாள். இரண்டு பேருந்து, இரண்டு அம்மா. எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள். பங்குகூடப் பிரித்து வைத்திருந்தாள்: அழுத்தமாகத் தெரிகிறவள் பணிமனைக்கு, வெளிறினவள் தனக்கு. பிறகு கண் டாக்டர் தடித்த கண்ணாடி கொடுத்தார். மாட்டிய நொடியில் அவள் பங்கு அம்மா காணாமல் போனாள். ஆனாலும் வகுப்பில் அவள் ஒன்றரைக்கண்தான். ஒன்றரைக்கண் கோணலாகத்தான் வரையும் என்று சிரித்தார்கள். அந்த ரோஷத்தில் ஸ்கேலைக் கையில் எடுத்தவள், இன்றுவரை கீழே வைக்கவில்லை.

அகலத் தூரிகையை வெளிர்நீலத்தில் முக்கி, பேருந்தின் நடுவயிற்றில் ஒரே இழுப்பு இழுத்தாள்.

"அடிப்பாவி! நல்லாத்தானே இருந்துச்சு!" அம்மா குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "கண்ணாடியைப் போடுடி. தலைவலி வரும்."

"வரட்டும். நீ போய் நில்லும்மா."

இரண்டாவது பேருந்து முதலாவதன்மேல் சரிந்து ஏறியது. இரண்டாவது பூட்ஸ் வந்தது. இரண்டாவது குழாய் வந்தது. இரண்டாவது முகம் வந்தது. அம்மா குழாயை எடுக்காமல் எட்டிப் பார்த்தாள்.

"யாருடி இவ?"

"நீதான். கண்ணாடி போட்ட அன்னிக்கு ஏன் அப்படி அழுதேன் தெரியுமா?"

"காது உறுத்துதுன்னு பஞ்சு வெச்சு விட்டேனே."

"ரெண்டு பேர்ல ஒருத்தி போயிட்டா. எனக்குன்னு இருந்தவ."

அம்மா அந்த வெளிறின முகத்தை இன்னொரு தரம் குனிந்து பார்த்தாள்.

"அவ வேலைக்கெல்லாம் போகமாட்டாளோ?" என்றாள்.

"மாட்டா."

"கொடுத்து வெச்சவ." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்புறம் அவ கையில எதுக்குடி குழாய்? சும்மா நிக்கட்டும் விடு."

ஓவியக்காரியின் கை நின்றது. கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு குழாய். அம்மா சொல்வது ஒன்று. கத்தியை எடுத்து ஈரம் காயாத குழாயைச் சுரண்டி எறிந்தாள். காலியான அந்தக் கைகளை, வேலையில்லாமல் தொங்குகிற அந்தக் கைகளை, ஸ்கேல் இல்லாமல், ஒரு மூச்சில் வரைந்தாள்.

சாயங்காலம் சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தார் கண்காட்சிக்காரர். படத்தின் முன் சாவி நின்றது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறுகண்ணை மூடிப் பார்த்தார். இரண்டையும் திறந்து பார்த்தபோது நாற்காலி தேடினார்.

"என்ன சார், மாடிப்படியா?" அம்மா விடவில்லை.

"வாசல் சுவர்ல இருக்கிறதைக் கழட்டச் சொல்றேன்," என்றார், போனை எடுத்தபடி. "ஆனா ஈரமா இருக்கே. இது என் வண்டியில ஏறாதும்மா."

"வண்டி எதுக்கு? ரெண்டு தெருதானே. ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்க."

ஓவியக்காரி முன்னால், கண்காட்சிக்காரர் பின்னால், நடுவில் படம். அதற்கும் முன்னால் பூட்ஸோடு அம்மா. பெரிய சாலை வந்ததும் நட்டநடுவில் இறங்கி இரண்டு கைகளையும் விரித்து, பணிமனையில் பேருந்துக்கு வழி சொல்கிற குரலை எடுத்தாள்.

"வரட்டும்... வரட்டும்... இடது பக்கம் ஒடிச்சு வா..."

பச்சை விளக்கு விழுந்தது. ஒரு வண்டியும் நகரவில்லை. ஹெல்மெட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. யாரோ கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்கள். சாலையின் குறுக்கே, அந்தி வெயிலில் பளபளத்தபடி, கைகளைத் தொங்கவிட்டு, அந்த வெளிறினவள் சும்மா போய்க்கொண்டிருந்தாள்.