பச்சை வளையலின் நிழல்

"இன்னாம்மா இது, சைக்கிள் டயருக்குப் பச்ச பெயின்ட் அட்ச்ச மாதிரி கீது?"

ஷவுகத் அலி சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பூந்தமல்லியில் வளையல் கடை வைத்திருப்பவர். ரம்ஜானுக்குள் புது வளையல் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் வேண்டும். படத்தில் இருப்பது கண்ணாடி வளையல் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். "பிளாஸ்டிக்குன்னு நெனச்சா எவம்மா வாங்குவா?"

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் கோதண்டத்தின் டி.டி.பி. சென்டர். கம்ப்யூட்டர் முன்னால் பத்மா. கோரல் டிராவில் இரண்டு வட்டம் போட்டு, நடுவே பச்சை நிரப்பி, மேலே ஒரு வெள்ளைக் கோடு இழுத்திருந்தாள். பளபளப்பு வந்தது. கண்ணாடி வரவில்லை. வெள்ளையை மெலிதாக்கினாள். ஓரத்தைக் கறுப்பாக்கி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நிறம் படிப்படியாகக் கரையும்படி செய்தாள். பழைய டயர் புது டயரானது. எரிச்சலில் மவுஸை விட்டுக் கையைத் தூக்கியபோதுதான் கவனித்தாள். அவள் கையிலிருந்த பச்சை வளையல்களின் நிழல் மேஜைமேல் கிடந்த வெள்ளைத்தாளில் விழுந்திருந்தது. நிழலுக்கு நடுவில் பச்சை ஒளி தேங்கியிருந்தது. வெளிச்சம் உள்ளே புகுந்து மறுபக்கம் வெளியே வருகிறது. அப்படியானால் விளக்கைப் பார்த்த பக்கத்தைவிட எதிர்ப்பக்கம்தானே பளிச்சென்று இருக்க வேண்டும்!

விறுவிறுவென்று மாற்றினாள். மேல் விளிம்பில் ஊசிமுனை வெள்ளை. கீழ் வளைவில் இளம்பச்சை. அடியில் நிழல், நிழலுக்குள்ளும் பச்சை. திரையில் நின்ற வளையல், தொட்டால் உடைந்துவிடும் போலிருந்தது.

"அட்றா சக்க!"

பாய் குனிந்து பார்த்தார். பார்வை திரையிலிருந்து அவள் கைக்கு இறங்கியது. சிவப்பும் பச்சையுமாக இரண்டு கை நிறைய வளையல். வளையல் வியாபாரிக்கு அது போதும். அவள் வயிற்றை மேஜை மறைத்திருந்தது.

"வளகாப்பு வளையலு! சொல்லவே இல்லியே. எத்தினி மாசம்மா?"

கோதண்டத்தின் கையிலிருந்த டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"எட்டு" என்றாள் பத்மா.

"மாஷா அல்லா! நாளிக்கி எங்க ஊட்டுக்காரிய இட்டாறேன்."

அவர் படியிறங்கியதும் கோதண்டம் மெதுவாகக் கேட்டார்.

"இன்னாத்துக்கு பத்மா?"

"அவராச்சும் அப்டி நெனச்சிக்கினு இருக்கட்டும் சார். ஒரே ஒருத்தரு."

கோதண்டம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். போன மாதம் கள்ளிக்குப்பத்தில் அவள் வீட்டு வாசல்வரை போய், வார்த்தை வராமல் திரும்பியவர் அவர். பிரசவம் ஆனதும் வளைகாப்பு வளையலை ஆஸ்பத்திரி ஆயாவுக்குக் கழற்றிக் கொடுப்பது வழக்கம். பத்மா கையை நீட்டியபோது ஆயா பின்னால் நகர்ந்துவிட்டாள். செத்துப் பிறந்த பிள்ளையின் வளையலை யார் வாங்குவார்கள்? உடைத்துப் போடச் சொன்னாள் மாமியார். பத்மா விடவில்லை. பிள்ளைக்குப் பெயர் கிடையாது, போட்டோ கிடையாது. வயிற்றுக்குள் இருந்தவரை அது கேட்டது இந்த வளையல் சத்தத்தைத்தான்.

மறுநாள் பாய் மனைவியோடு வந்தார். ஃபக்ருன்னிசா கையில், தாளில் சுற்றிய குழந்தைக் கருவளையல்.

"எந்திரிக்காத கண்ணு, நானே வர்றேன்."

பத்மா நாற்காலியை மேஜையோடு நெருக்கினாள். அதற்குள் ஃபக்ருன்னிசா சுற்றி வந்துவிட்டாள். வந்தவள் நின்றாள். ஒட்டிய வயிற்றைப் பார்த்தாள். பொட்டலம் முந்தானைக்குள் போனது.

"ஏங்க, கீழ போயி எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வாங்க."

பாய் போனார். கோதண்டமும் கூடவே எழுந்து போனார். ஃபக்ருன்னிசா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பத்மாவின் இடது மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எப்போ?"

"போன மாசம்."

"இன்னா புள்ள?"

"பொண்ணுக்கா."

ஃபக்ருன்னிசாவின் விரல் வளையல்களின்மேல் போய் நின்றது.

"நான் எட்த்துடட்டா கண்ணு? ஒண்ணுகூட ஒடையாது. ஒங்கிட்டயே குட்த்துடறேன்."

பத்மா சரி என்று சொல்லவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. ஃபக்ருன்னிசா அவள் உள்ளங்கையை நீளவாக்கில் மடக்கி அழுத்தினாள். மற்ற வளையல்கள் சலசலத்துக்கொண்டு முழங்கைப் பக்கம் சரிந்தன. ஒன்று மட்டும் முன்னால் நகர்ந்து, பெருவிரல் எலும்பின்மேல் ஏறி நின்றது.

"வலிக்குதா?"

அந்த எலும்பைத் தாண்டினால் விரல்கள் மட்டும்தான், வளையல் கையைவிட்டுக் கழன்றுவிடும். பத்மா மூச்சுவிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.